தட்டி எழுப்பும் கிண்ணம்

குழந்தைக்குப் பாற்சோறு ஊட்டும் சிறு வெள்ளிக் கிண்ணம் தமிழர் இல்லங்களிற் பழகிய பொருள். பேரப்பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் பாட்டனோ தாய்மாமனோ அதை வாங்கித் தருவது வழக்கம். உள்ளங்கையில் அடங்கும் அக்கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஓர் ஒட்டுக் காணப்படாது. தகட்டை வளைத்துப் பற்றவைத்த தடமும் தெரியாது. அடி, வயிறு, விளிம்பு ஆகிய மூன்றும் ஒரே தொடர்ச்சியாக இருக்கும். அப்படியானால் அவ்வடிவம் எங்கிருந்து வந்தது?

இன்று கடைகளிற் கிடைக்கும் கிண்ணங்களுட் பெரும்பாலானவை அச்சில் அழுத்தப்பட்டவை; அல்லது கடைசல் எந்திரத்திற் சுழற்றி வடிவம் ஏற்றப்பட்டவை. எந்திரம் தோன்றுவதற்கு முன்னர் தட்டையான வட்டத் தகடு ஒன்றைச் சுத்தியாலும் மரக்கட்டையாலும் தட்டித் தட்டியே கிண்ணமாக உயர்த்தினர். உறங்குபவரைத் தட்டி எழுப்புவது போல், தட்டையாகக் கிடக்கும் வெள்ளியையும் தட்டியே எழுப்ப வேண்டும். ஒரு துளி வெள்ளியையும் வெட்டி எறியாமல், ஒரு துளியையும் புதிதாகச் சேர்க்காமல், தட்டை எவ்வாறு குழிவாகிறது என்பது அறிவியலும் கலையும் கலந்த ஒரு வினா.

தொழிலின் தொன்மை

இத்தொழில் மிகப் பழையது. இன்றைய ஈராக்கிலுள்ள ஊர் என்னும் பண்டைய நகரில் 1922 முதல் 1934 வரை லெனார்டு ஊலி நடத்திய அகழாய்வில், அரச கல்லறைகளிலிருந்து பொன்னாலும் வெள்ளியாலும் ஆன கலங்கள் கிடைத்தன. அவை ஏறத்தாழ கி.மு. 2500ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சுத்தியின் அடியினால் உலோகத்தைக் கலமாக்கும் வித்தை அக்காலத்திலேயே முதிர்ந்திருந்தது என்பதற்கு அவை சான்று.

செய்முறையை எழுத்தில் விளங்க வைத்தவர்களுள் முதன்மையானவர், கி.பி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரு துறவி. தியோஃபிலஸ் என்னும் புனைபெயரில் அவர் இலத்தீன் மொழியில் கைத்தொழில் நூலொன்று எழுதினார். அதில் வழிபாட்டுக்குரிய சிறு வெள்ளிக் கிண்ணம் செய்யும் முறை படிப்படியாகக் கூறப்படுகிறது. வெள்ளியை உருக்கி வார்த்து, கையால் வளைக்கும் அளவு மெல்லியதாகும்வரை அடித்து, நடுப்புள்ளி கண்டு, கவராயத்தால் வட்டங்கள் இட்டு, உள்ளிருந்து தட்டிக் குழித்து, பின்னர் வெளியிலிருந்து தட்டிக் குறுக்க வேண்டும் என்கிறார் அவர். இத்தாலியப் பொற்கொல்லர் பென்வெனுட்டோ செல்லினியின் தொழில் நூல் 1568இல் அச்சேறியது. அதுவும் வெள்ளிக் கலங்களை எழுப்பும் முறையைப் பேசுகிறது. இன்று ஒரு கைவினைஞர் கிண்ணம் செய்ய அமர்ந்தாலும் தியோஃபிலஸ் சொன்ன வரிசையையே பின்பற்றுவார்.

தமிழகத்திலும் வெள்ளிக் கலங்களுக்குக் குறைவில்லை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அளித்த பொன், வெள்ளிக் கலங்களை அக்கோயிற் கல்வெட்டுகள் ஒன்றொன்றாக எடையிட்டுச் சொல்கின்றன. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்னும் இறைவன் பெயரே இடப்பட்டிருந்தது. கிண்ணம், வட்டில், வள்ளம், குவளை என்று உண்கலங்களுக்கும் பருகுகலங்களுக்கும் தமிழில் வழங்கும் பெயர்களின் மிகுதி, அக்கலங்களைச் செய்தோரின் கைவண்ணத்தையும் உடன் நினைவூட்டும்.

தகட்டின் கணக்கு

தூய வெள்ளி மிகவும் மென்மையானது. அன்றாடப் புழக்கத்தில் எளிதில் நெளியும். ஆதலால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும் 75 பங்கு பெரும்பாலும் செம்பும் கலந்த கலவையே கலங்களுக்கு ஏற்றதெனக் கொள்ளப்படுகிறது. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டிலேயே அரசர் முதலாம் எட்வர்டு காலத்துச் சட்டம் ஒன்று, இத்தரத்துக்குக் குறைந்த வெள்ளியை விற்கலாகாது என்றும், சோதித்த கலத்திற் சிறுத்தைத் தலை முத்திரை பொறிக்க வேண்டும் என்றும் விதித்தது.

எவ்வளவு பெரிய தகடு வேண்டும் என்பது முதற்கேள்வி. கலத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டினால் தகட்டின் விட்டம் கிடைக்கும் என்பது பட்டறைக் கணக்கு. 7 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கிண்ணத்திற்கு 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு போதும். இது வெறும் வாய்ப்பாடன்று. அடிப்பகுதி அரைக்கோளமாகவும் மேற்பகுதி நேர்ச்சுவராகவும் அமைந்த அத்தகைய கிண்ணத்தின் மேற்பரப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 132 சதுர சென்டிமீட்டர் வரும். 13 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பும் கிட்டத்தட்ட அதுவே. கணக்கறியாத பழங்கைவினைஞர் கையனுபவத்தாற் கண்டது வடிவியலோடு ஒத்து நிற்கிறது. தகடு 1 மில்லிமீட்டர் தடிப்பாயின் அதன் எடை ஏறத்தாழ 137 கிராம் இருக்கும்.

இனி விளிம்பை நோக்குக. தட்டையான தகட்டின் சுற்றளவு ஏறத்தாழ 41 சென்டிமீட்டர். கிண்ணத்தின் வாய்ச் சுற்றளவோ 22 சென்டிமீட்டர். 19 சென்டிமீட்டர் எங்கே போயிற்று? அது மறையவில்லை; மேலே ஏறியது. தகட்டில் நடுப்புள்ளியிலிருந்து விளிம்புவரை 6.5 சென்டிமீட்டர். கிண்ணம் ஆனபின் அடியின் நடுவிலிருந்து வளைவு வழியாக வாய்வரை அளந்தால் 8 சென்டிமீட்டர். குறுக்கே சுருங்கிய உலோகம் உயரமாக நீண்டது. பட்டறையில் அடி சரியாக விழாத இடங்களில் அது விளிம்பின் தடிப்பாகவும் நிற்கும். சுருக்கமாகச் சொன்னால், கிண்ணம் செய்தல் என்பது உலோகத்தை இழுத்து நீட்டும் தொழிலன்று. நெருக்கி எழுப்பும் தொழில். இதனை உணராதவர் நடுவிலேயே ஓங்கி ஓங்கி அடித்து அடியை மெலிய வைத்து ஓட்டையாக்கி விடுவர்.

குழித்தல்

தகட்டை வட்டமாகக் கத்தரித்து, அதன் விளிம்பை அரத்தால் நன்கு தேய்ப்பது முதல் வேலை. விளிம்பில் நகக்கீறல் அளவு வெட்டு இருந்தாலும் பின்னர் அதுவே பிளவாக வளரும். அடுத்து நடுவிற் சிறு புள்ளி குத்தி, அதனை மையமாகக் கொண்டு ஒன்றனுள் ஒன்றாக வட்டங்கள் பென்சிலால் வரையப்படும். வேலை முழுவதும் கைக்கு வழிகாட்டுவன இவ்வட்டங்களே.

பின்னர் மரக்குற்றி ஒன்று வேண்டும். அடிமரத்தை அறுத்து நிமிர்த்தி வைத்து, அதன் வெட்டுமுகத்தில் ஆழமில்லாத குழியொன்று குடைந்திருப்பர். அக்குழியின்மேல் தகட்டை வைத்து, உருண்டை முகமுடைய கொட்டாப்புளியால் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தட்டுவர். தகடு சிறிது சிறிதாகத் தாம்பாளமாகி, பின்னர் ஆழமற்ற தட்டம் போல் ஆகும். ஓரத்திற் பூவிதழ் போன்ற சுருக்கங்கள் எழும். அவை மடிந்து ஒன்றன்மேல் ஒன்று படியுமுன்னர்த் தட்டி அடக்க வேண்டும். மடிந்துவிட்டால் அவ்விடம் கிழிவது உறுதி. கிழிந்ததைச் சீர்செய்தல் அரிது.

எழுப்புதல்

தொழிலின் உயிர்நிலை இனித்தான் தொடங்குகிறது. இதுவரை உட்புறத்தில் விழுந்த அடி இனி வெளிப்புறத்தில் விழும். பிடிப்பானில் இறுக்கிய ஒரு தாங்குகட்டையின் முனைமேல் கலத்தின் உட்புறத்தைச் சாய்வாகப் பொருத்திப் பிடிப்பர். கட்டையைக் கலம் தொடும் இடம் ஒன்று. அதற்குச் சற்று மேலே கலத்துக்கும் கட்டைக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கும். அடி விழ வேண்டியது தொடும் இடத்தில் அன்று, அந்த இடைவெளியின்மேல். அப்போது உலோகம் தாழ்ந்து கட்டையோடு பொருந்தும். அவ்வளவில் அதன் சுற்றளவு ஒரு மயிரிழை குறையும். தொடும் இடத்திலேயே அடி விழுந்தால் சுத்திக்கும் கட்டைக்கும் நடுவே வெள்ளி நசுங்கி மெலியும்.

ஓர் அடி, கலத்தைச் சிறிது திருப்புதல், மீண்டும் ஓர் அடி. முதல் வட்டம் முடிந்ததும் அதற்கு மேல் அடுத்த வட்டம். இவ்வாறு அடியிலிருந்து வாய்வரை சென்றால் ஒரு சுற்று முடியும். சுத்தி பிடித்த கை ஒரே இடத்தில் ஒரே அளவாக ஏறி இறங்க, கலம் பிடித்த கையே அடியின் இடத்தை முடிவு செய்கிறது. கண்ணைக் காட்டிலும் காது இங்கே நல்ல ஆசிரியர். அடியிற் கட்டை இல்லாத இடத்தில் விழும் அடி மந்தமாக ஒலிக்கும். உலோகம் கட்டையோடு பொருந்தியவுடன் ஓசை திண்மை பெறும். பழகியவர் பார்க்காமலே வேறுபாட்டை அறிவர்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கலத்தைத் தோற்பையின்மேல் நிறுத்தி, விளிம்பின் தலைமீது நேராக மெல்லத் தட்டுவர். இதனால் விளிம்பு தடிக்கும். கையினாற் செய்த கலத்தின் வாய், உதட்டுக்கு இதமாகவும் பிடிக்க உறுதியாகவும் இருப்பதற்குக் காரணம் இச்சிறு பணியே.

நெருப்பின் பங்கு

ஒரு சுற்று முடிந்தபின் வெள்ளி முன்போல் இணங்காது. சுத்தி துள்ளும், ஓசை கூர்மையாகும், தகடு வில் போல் விறைக்கும். இந்நிலையில் இன்னுமொரு சுற்று அடிக்கத் துணிந்தால், இரண்டு நாள் உழைப்பும் விளிம்பில் ஒரு சிறு வெடிப்பாக முடியும். ஆத்திரக்காரனுக்கு இத்தொழிலில் இடமில்லை.

விறைப்பின் காரணம் வெள்ளியின் உள்ளமைப்பில் உள்ளது. உலோகம் நுண்ணிய படிகங்களின் தொகுதி. படிகத்துள் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அடி விழும்போது அவ்வடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதாலேயே உலோகம் வளைகிறது. வழுக்குதலை எளிதாக்குவன அடுக்குகளிலுள்ள சிறு பிறழ்ச்சிகள். 1934இல் டெய்லர், ஒரோவான், போலானி ஆகிய மூவரும் தனித்தனியே இவ்வுண்மையை எடுத்துரைத்தனர். மேலும் மேலும் அடிக்கும்போது பிறழ்ச்சிகள் பெருகி, நூற்சிக்குப் போல் ஒன்றையொன்று தடுக்கின்றன. சிக்குண்ட நூல் ஓடாதது போல உலோகமும் நகர மறுக்கிறது.

சிக்கெடுப்பது நெருப்பு. கலத்தை ஏறத்தாழ 600 முதல் 650 பாகை செல்சியஸ் வரை காய்ச்சினால், பழைய படிகங்கள் மறைந்து புதிய படிகங்கள் தோன்றும். வெள்ளி மீண்டும் இளகும். வெப்பத்தை அளக்கக் கருவி இல்லாத காலத்தில் நிறமே அளவுகோல். மங்கிய ஒளியில் இலேசான செம்மை தோன்றியதும் நெருப்பை விலக்குவர். இதனாலேயே காய்ச்சும் இடம் இருண்ட மூலையாக அமைந்தது; வெயிலில் அச்செம்மை கண்ணுக்குப் புலப்படாது. தூய வெள்ளி 962 பாகையில் உருகும். செம்பு கலந்ததோ அதற்கும் முன்னரே உருகத் தொடங்கும். கவனம் பிசகினால் கிண்ணம் கண்முன்னே உருகி உருண்டையாகும்.

செம்மை அடங்கியபின் நீரில் ஆற்றி, பின்னர் அமிலக் கரைசலில் இடுவர். பத்துப் பங்கு நீரில் ஒரு பங்கு கந்தக அமிலம் என்பது பழைய அளவு. நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. கலத்தை எடுக்கச் செப்புக் குறடே ஏற்றது. இரும்புக் குறடு பட்டால் கரைசலிலுள்ள செம்பு வெள்ளியின்மேற் படிந்து செந்நிறமாக்கிவிடும். தமிழ்நாட்டுத் தட்டார் அழுக்கு நீக்கப் புளிக்கரைசலைப் பயன்படுத்துவதும் உண்டு. புளிப்பு அமிலமே அங்கும் வேலை செய்கிறது.

காய்ச்சுதல், ஆற்றுதல், கழுவுதல், மீண்டும் வட்டம் வரைதல், மீண்டும் ஒரு சுற்றுத் தட்டுதல் என்று இவ்வட்டம் தொடரும். ஆழங்குறைந்த கிண்ணத்திற்கு ஐந்தாறு சுற்றுகள் போதும். ஆழமானதற்குப் பத்துக்கு மேலும் ஆகலாம்.

மரமும் எஃகும்

தாங்குகட்டை மரமாக இருப்பதன் பயன் யாது? எஃகுக் கட்டைமேல் எஃகுச் சுத்தி விழுந்தால், நடுவில் உள்ள வெள்ளி எளிதில் மெலியும். தவறி விழுந்த ஒவ்வோர் அடியும் வடுவாகும். மரமோ சிறிது இணங்கிக் கொடுக்கும். வெள்ளி வடுப்படாமல் வளையும், தடிப்பும் குறையாது. தச்சரின் உளியும் அரமும் இருந்தால், வேண்டிய வளைவுக்கு ஏற்பக் கட்டையைச் செதுக்கிக் கொள்ளலாம். பெரும் பொருட்செலவின்றித் தொழில் கற்பவருக்கு இது பேருதவி. கட்டைக்கு நெருங்கிய நாருடைய வைர மரமே ஏற்றது. மென்மரம் சில நாளிற் பிளந்து போகும்.

வடிவம் முற்றியபின் மரத்தின் வேலை முடிந்து எஃகின் வேலை தொடங்கும். கண்ணாடி போல் மெருகேற்றிய எஃகுத் தாங்குகட்டையின்மேல், அவ்வாறே மெருகேற்றிய சுத்தியால், மழைத்துளி விழுவது போல் இலேசான அடிகளை நெருக்கமாக இடுவர். இங்கே அடி தொடும் இடத்திலேயே விழவேண்டும். மேடு பள்ளங்கள் மறைந்து, மேற்பரப்பு முழுவதும் சிறு சிறு தட்டை முகங்களாக நிரம்பும். ஒளியில் அவை மினுமினுக்கும். சுத்தியின் முகத்தில் ஒரு கீறல் இருந்தால் அது நூறு இடங்களிற் பதியும். ஆகவே நல்ல கைவினைஞர் இச்சுத்தியால் ஆணி அடிப்பதோ பிறருக்கு இரவல் கொடுப்பதோ இல்லை.

இறுதியாக வாயை மட்டம் செய்து தேய்த்து, அடியைச் சிறிது தட்டையாக்கி, நுண்கல்லாலும் மெருகுப் பொடியாலும் தேய்ப்பர். பலமுறை காய்ச்சிய கலத்திற் கலவைச் செம்பு தோலுக்கடியிற் காற்றோடு கூடி ஊதாநிறக் கறையாக நிற்பதுண்டு. அதனை முழுதும் தேய்த்து நீக்குவதே மெருகிடுவோர் பொறுமைக்கு இறுதிச் சோதனை.

எந்திரமும் கையும்

ஒரு நிமிடத்தில் எந்திரம் செய்வதை ஒருவர் இரண்டு நாள் அமர்ந்து ஏன் செய்ய வேண்டும்? இக்கேள்வி புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எந்திரங்கள் பெருகியபோதே எழுந்தது. கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பி என்பவர் 1888இல் லண்டனின் கீழ்ப்பகுதியில் கைவினைஞர் சங்கம் ஒன்றை நிறுவினார். உழைப்பவன் தன் கைப்பொருளில் மகிழ்ச்சி காணவேண்டும் என்பது அவர் கொள்கை. செல்லினியின் தொழில் நூலை 1898இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் அவரே. 1902இல் அச்சங்கத்தினர் குடும்பத்தோடு சிப்பிங் கேம்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, பழைய பட்டாலை ஒன்றிற் பட்டறை அமைத்தனர். அங்கே தட்டி எழுப்பிய வெள்ளிக் கிண்ணங்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

ஆயினும் சந்தை இரக்கமற்றது. எந்திரத்தில் அழுத்திய கலங்களின்மேல் பொய்யான சுத்தித் தடங்களைப் பொறித்துக் குறைந்த விலைக்கு விற்றவர்களும் இருந்தனர். 1908இல் சங்கம் கலைந்தது. ஆனால் தொழில் அழியவில்லை. வெள்ளிக் கைவினைஞர் ஜார்ஜ் ஹார்ட் அவ்வூரிலேயே தங்கினார். அவர் வழியினர் அதே பட்டாலைக் கட்டடத்தில் நூறாண்டுக்கு மேலாகச் சுத்தியின் ஓசையைக் காத்து வந்துள்ளனர். சங்கம் கலைந்தாலும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தொழில் சென்றமையால் அது பிழைத்தது. நூலில் எழுதி வைத்ததனால் மட்டும் அன்று.

உண்மையான கைவேலையை அறிய வழியுண்டு. கடைசலிற் சுழற்றிய கலத்தின் உட்புறத்தில் வட்ட வட்டமான கோடுகள் மெல்லிதாகத் தெரியலாம். தட்டி எழுப்பிய கலத்திலோ அடியின் நடுவில் கவராயம் ஊன்றிய சிறு புள்ளி பலவேளைகளில் எஞ்சி நிற்கும். விளிம்பு வயிற்றைக் காட்டிலும் தடித்திருக்கும். முதல் நாளில் இட்ட நடுப்புள்ளி, வேலை முடிந்தபின்னும் கையொப்பம் போல் நிலைத்து நிற்கிறது.

தொழிலோடு வாழும் சொல்

தட்டான் என்னும் பெயரே தட்டுதல் என்னும் தொழிலடியாகப் பிறந்தது. தட்டு, தட்டம், தட்டை என்பனவும் அதனோடு உறவுடையன. பட்டடை, கொட்டாப்புளி, குறடு, துருத்தி, ஊதுகுழல், வெண்காரம், உரைகல், மாற்று, புடம், மெருகு என்று ஒரு சிறு பட்டறைக்குள் ஒரு சொற்களஞ்சியமே அடங்கிக் கிடக்கிறது. இவற்றுட் சில இலக்கணத்துக்கும் ஏறின. ஆசிடை நேரிசை வெண்பா என்பது மாணவர் கற்கும் யாப்பு வகை. முதற்குறளையும் தனிச்சொல்லையும் இணைக்க இடையில் வரும் அசையே அங்கு ஆசு எனப்படும். பொன்வேலை செய்வோர் இரு துண்டுகளை இணைக்க இடையில் இடும் பற்றாசே இவ்வுவமைக்கு மூலம் என உரைகாரர் விளக்குவர். பற்றாசு இன்னதென்று கண்ணாற் கண்டிராத மாணவனுக்கு இவ்விளக்கம் வெறும் ஒலி. ஒருமுறை பட்டறையில், வெண்காரம் பொங்கி அடங்க, பற்றாசு உருகி இரு விளிம்புகளுக்கு இடையே ஓடுவதைப் பார்த்தவன் அவ்வுவமையை வாழ்நாளில் மறவான்.

தொழில் மறைந்தால் அதன் சொற்கள் முதலில் அகராதிக்குப் போகின்றன. பின்னர் அங்கேயே தங்கி விடுகின்றன. இன்றும் தட்டார் பட்டறைகள் முற்றும் ஒழிந்து விடவில்லை. மாணவரை ஒருநாள் அங்கே அழைத்துச் சென்று, கருவி ஒவ்வொன்றின் பெயரையும் அதனைப் பிடித்திருப்பவர் வாயிலாகவே கேட்டு எழுதி வரச் செய்வது, வகுப்பறையில் நடத்தும் பல பாடங்களுக்கு ஈடாகும். கேட்டு எழுதிய சொல்லை அவர்கள் கட்டுரையில் ஆளும்போது, அச்சொல்லுக்குப் பின்னே ஒரு சுத்தியின் ஓசையும் இருக்கும்.